குழாயும் ஓடையும்

முத்துக் குளித்த ஊர் தூத்துக்குடி. ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அந்த ஊர்ப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடற்கரை ஊர்; கிணற்று நீரில் உப்பு!

இந்தக் கஷ்டத்தைத் தீர்த்தவர் நகரசபைத் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. தாமிரபரணிக் கரையில் உள்ள வல்லநாட்டிலிருந்து குழாய் போட்டு, 1927-ல் ஆற்று நீரை ஊருக்குக் கொண்டுவந்தார். இன்றும் மக்கள் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள். ஒரு நகரசபைத் தலைவருக்கு இதைவிடப் பெரிய பட்டம் ஏது?

1866-ல் ஏற்பட்ட நகரசபை, 2008-ல் மாநகராட்சி ஆயிற்று. தொல்லையும் தலைகீழாகிவிட்டது. 2023 டிசம்பர் பெருமழையில் கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தெருக்களில் நாள் கணக்கில் வெள்ளம் நின்றது. அன்று தண்ணீர் வரவில்லை. இன்று வந்த தண்ணீர் போகவில்லை!

ஊர் தாழ்வானது. பக்கிள் ஓடை போன்ற வழிகள் திறந்திருந்தால்தான் மழைநீர் கடலைச் சேரும். அதில் குப்பை கொட்டுகிறவர்கள் வேற்றூர்க்காரர்கள் அல்லவே! தூர் வாரும் வேலையைக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். வெள்ளம் புகுந்த பிறகு மோட்டார் வைத்து இறைப்பது வேலையல்ல, பரிகாரம்.

வார்டுதோறும் கவுன்சிலர் தலைமையில் குழு, மக்கள் கூடிப் பேசப் பகுதி சபை என்று 2022-ல் விதிகள் வந்திருக்கின்றன. எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? "எங்கள் தெரு வாய்க்காலை எப்போது தூர் வாருவீர்கள்? தண்ணீர் எந்த வழியாகப் போகும்?" என்று தாய்மார்கள் அங்கே கேட்க வேண்டும். பதிலைத் தேதியோடு எழுதி வாங்க வேண்டும். கூட்டம் நடக்கும் நாளை மாநகராட்சி ஒலிபெருக்கி வைத்துத் தெருத் தெருவாக அறிவிக்கட்டும்.