பத்துக்குப் பத்து

கலாசாலை விளையாட்டுப் பந்தயங்கள் நெருங்கும்பொழுதெல்லாம் யாம் ஒரு காட்சியைக் காண்கின்றோம். ஆறு திங்களாக விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகிய மாணாக்கன் ஒருவன், பந்தயத்திற்கு முதல்நாள் தேகப்பயிற்சி ஆசிரியரிடம் சென்று தன் பெயரை நீக்கிவிடுமாறு வேண்டுகின்றான். காரணம் வினவினால், கணுக்காலில் வலி என்பான். வலி காலில் இல்லை என்பதை ஆசிரியரும் அறிவார், அவனும் அறிவான். முதல்வனாக வர இயலாதெனின் ஓடாதிருத்தலே மேல் என்று அவன் துணிந்துவிட்டான். இதனைச் சோம்பல் என்று கடிவாருளர். எமது அபிப்பிராயம் அதுவன்று. குறைவற்றதையன்றிப் பிறிதொன்றை ஏலாத மனத்தில் தன்மேல் ஐயம் எழாதிருப்பது அரிது.

1976-ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக் பந்தயத்தில், 14 வயதினரான ருமேனிய நாட்டு நாடியா கோமனேச்சி ஜிம்னாஸ்டிக் வித்தையில் பத்துக்குப் பத்து மதிப்பெண் பெற்றார். அத்தகைய எண்ணைக் காட்டும் வசதி பலகையில் இன்மையால் 1.00 என்றே அது தோன்றிற்று. பரிபூரணத்தைக் காட்ட மனிதர் அமைத்த பலகைக்கே இடம் போதவில்லை! 2006-இல் அம்மதிப்பீட்டு முறை மாற்றப்பட்டது. ஆயினும் பத்தின்மேல் வைத்த ஆசை மாறிற்றோ?

2020-ஆம் ஆண்டின் பெயரால் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கு நேர்ந்ததை நோக்குக. ரியோவில் 2016-இல் நான்கு தங்கப்பதக்கங்கள் வென்றவர் அவர். குழுப் போட்டியில் தாவு மேசையினின்று எழும்பி, வானில் இரண்டரைச் சுழற்சி செய்யக் கருதியவர், ஒன்றரையோடு தடுமாறி இறங்கினார். வானில் தம் உடல் எத்திசை நோக்கியுள்ளது என்ற உணர்வே அவருக்கு அற்றுப்போயிற்று. அந்நிலையில் மீண்டும் தாவினால் கழுத்து முறியவும் கூடும். ஆகவே அவர் விலகினார். தனிப்போட்டிகள் நான்கினின்றும் விலகினார். கோழை என்று தூற்றினோர் பலர். சில நாட்கள் கழித்து, சுழற்சி வேண்டாத எளிய இறக்கமொன்றை அமைத்துக்கொண்டு, பத்துச் செண்டிமீட்டர் அகலமுள்ள சமநிலைக் கட்டைமேல் ஏறி வெண்கலம் பெற்றார். 2024-இல் பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். அதே கட்டையினின்று அங்கே விழவும் விழுந்தார்.

அங்ஙனமாயின் நம் மாணாக்கன் விலகியதும் தகுமன்றோ என்று வினவலாம். தகாது என்போம். அம்மங்கை தம் நிலையை உலகறிய உரைத்து விலகினார். செய்யக்கூடிய சிறியதைச் செய்யத் திரும்பியும் வந்தார். இவனோ கணுக்காலைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்தான்.

எனினும் அப்பொய்யை அவனுக்குக் கற்பித்தோர் யார்? இம்மலரின் விளையாட்டு அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். முதல் மூவர் பெயரன்றி வேறு பெயர் உண்டோ? நான்காமவன் ஓடினான் என்பதற்கே சான்றில்லை. கேடயம் ஏந்தியவனுக்குக் கைதட்டும் நாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறுதிச் சுற்றை ஓடி முடிப்பவன் எல்லைக்கோட்டை அடையுமுன்னரே தேநீர்க்குக் கலைந்துவிடுகின்றோம். யாமும் அவ்வாறு கலைந்ததுண்டு.

அடுத்த ஆண்டு மலரில் 5,000 மீட்டர் ஓட்டத்தை முடித்தோர் அனைவருடைய பெயரும், கடைசியாக வந்தவன் எடுத்த நேரமும் வெளிவருதல் வேண்டும் என்பது எமது விண்ணப்பம். பத்திராதிபர் இடமில்லை என்பாராயின், இத்தகைய கட்டுரையொன்றைக் குறைத்துக்கொள்ளட்டும்.