கார்பன் வீலுக்குப் பழைய பிரேக் கட்டை போதுமா? பருத்திப்பட்டிலிருந்து ஓர் அம்மாவின் கேள்வி

இந்த வாரக் கேள்வி பருத்திப்பட்டிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் ஓர் அம்மா.

“என் மகன் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். சைக்ளோகிராஸ் என்ற வெளிநாட்டு சைக்கிள் ரேஸ் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு ஜோடி கார்பன் வீல் வாங்கித் தன் சைக்கிளில் மாட்டியிருக்கிறான். பிரேக் கட்டை மட்டும் பழசு. ‘அது இன்னும் தேயவே இல்லம்மா’ என்கிறான். ஏரிக்கரை மண்ணிலும் ஓட்டுகிறான், ஆவடி - பூந்தமல்லி ரோட்டிலும் ஓட்டுகிறான். மழைக்காலம் வேறு வருகிறது. பழைய கட்டையே போதுமா தம்பி?”

போதாதும்மா. கட்டையை மாற்றும்வரை அந்த வீலோடு ரோட்டுக்குப் போக வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிடுங்கள். ஏன் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். ‘எங்க வீட்ல கார்பன் வீல் எல்லாம் இல்லையே’ என்பவர்களும் படிக்கலாம். ஸ்கூல் சைக்கிளுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

அது என்ன சைக்ளோகிராஸ்?

ஐரோப்பாவில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நடக்கும் ரேஸ் இது. சேறு, மணல், புல்வெளி, படிக்கட்டு எல்லாம் கலந்த சின்ன பாதையில் சுமார் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். தடுப்புக்கட்டை வந்தால் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். பிரான்ஸில் 1902-லேயே இதற்குத் தேசியப் போட்டி நடந்தது. முதல் உலக சாம்பியன்ஷிப் 1950-ல் பாரிஸில். இன்று பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இதற்குத் திருவிழாக் கூட்டம் கூடுகிறது.

இந்த ரேஸில் பிரேக் கட்டைதான் பெரிய தலைவலி. சேற்றில் கலந்திருக்கும் மணல், உப்புத்தாள் மாதிரி கட்டையை அரைத்துவிடும். மோசமான நாளில் ஒரே ரேஸில் ஒரு செட் கட்டை தீர்ந்துபோவதும் உண்டு. அதனால் எந்த ரிம்முக்கு எந்தக் கட்டை என்பதில் வீரர்கள் ரொம்பக் கறாராக இருப்பார்கள். தம்பி வீடியோவில் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான்.

பிரேக்கில் பாதி, ரிம்

பிரேக் என்றால் நமக்குக் கட்டை மட்டும்தான் ஞாபகம் வரும். கட்டை எதைப் பிடித்து நிறுத்துகிறதோ, அந்த ரிம்மும் பிரேக்கின் இன்னொரு பாதி. ரிம் மாறினால் கட்டையும் மாற வேண்டும்.

தாத்தா காலத்து சைக்கிளில் இருப்பது குரோம் பூசிய இரும்பு ரிம். வெயிலில் நன்றாகவே நிற்கும். நனைந்தால் ரப்பர் கட்டையின் பிடிப்பு வெகுவாகக் குறைந்து, வண்டி வழுக்கிக்கொண்டே போகும். இதைச் சமாளிக்க, அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தோல் ஒட்டிய பிரேக் கட்டைகள்கூட விற்றார்கள். அடுத்து வந்தது அலுமினிய ரிம். எடை குறைவு, ஈரத்திலும் இரும்பைவிட நல்ல பிடிப்பு. இன்றைய கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான்.

கார்பன் ரிம் உலோகமே கிடையாது. கார்பன் இழைகளை அடுக்கி, எப்பாக்ஸி என்ற பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்வது. எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஆனால், இரண்டு விஷயங்களில் அலுமினியத்திலிருந்து முற்றிலும் வேறுபடும்.

முதலாவது, சூடு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் வேகம் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அலுமினியம் அந்தச் சூட்டை ரிம் முழுக்கப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பனில் சூடு கட்டை படும் இடத்திலேயே தங்கிவிடும். அளவு மீறினால் பிசின் இளகி, ரிம் வீங்கும். உள்ளே ட்யூப் வெடிக்கவும் வாய்ப்புண்டு. அதனால்தான் கார்பனுக்கான கட்டைகளைச் சூடு குறைவாக உண்டாகும்படியான கலவையில் செய்கிறார்கள். ஆரம்பத்தில் தக்கைக் கட்டைகள்கூட வந்தன.

இரண்டாவது, உலோகத் துகள். அம்மா, உங்கள் பையன் கேட்க வேண்டியது இதைத்தான். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ரப்பருக்குள் மினுமினுவென்று பொடிப்பொடியாக ஏதோ பதிந்திருக்கும். ரிம்மிலிருந்து உதிர்ந்த அலுமினியச் சில்லுகள் அவை. அந்தக் கட்டையைக் கார்பனில் மாட்டினால், ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் ரிம்மைக் கத்தி மாதிரி கீறும். ‘தேயவே இல்ல’ என்பது உண்மையாக இருக்கலாம். தேயாத கட்டைக்குள்ளும் சில்லு இருக்கும்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

நீங்கள் இருப்பது பிரேக்குக்கும் சைக்கிளுக்கும் பேர்போன ஏரியா. முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனத்துடன் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், ஹெர்குலஸ், பிஎஸ்ஏ சைக்கிள்களைத் தயாரித்தது அம்பத்தூரில்தான். பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரானே பிரேக் லைனிங் என்று பிரேக்கைப் பெயரிலேயே வைத்து வளர்ந்த நிறுவனங்களும் இந்தப் பக்கம்தான். லாரியோ, காரோ, எதில் உரசப்போகிறது என்று பார்த்துத்தான் அங்கே லைனிங் கலவையை முடிவு செய்வார்கள். சைக்கிளுக்கும் அதே கணக்குதான்.

கடையில் “நல்ல பிரேக் கட்டை கொடுங்கண்ணே” என்று கேட்டால், கைக்கு வந்ததைக் கொடுப்பார்கள். “கார்பன் ரிம்முக்கான கட்டை வேணும்ணே” என்று கேட்க வேண்டும். வீல் எந்த கம்பெனி என்று பார்த்து, அந்த கம்பெனி சொல்லும் கட்டையை வாங்குவது முதல் வழி. வேறு கட்டை போட்டால் வாரன்ட்டி கிடையாது என்று பல கம்பெனிகள் சொல்கின்றன. அது கிடைக்காவிட்டால், ஸ்விஸ்ஸ்டாப் கம்பெனியின் பிளாக் பிரின்ஸ் போலக் கார்பனுக்கென்றே செய்யப்பட்ட கட்டையை வாங்கலாம்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கறுப்பு என்றால் கார்பன், சிவப்பு என்றால் மழை என்று பொது விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு நிறம். அட்டையில் ‘கார்பன்’ என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அலுமினிய ரிம்முக்கு மழைக்கால கட்டை தேடுபவர்களுக்கு கூல்-ஸ்டாப் கம்பெனியின் சால்மன் நிறக் கட்டை பல வருடங்களாகப் பேர்வாங்கியது. அதைக் கார்பனில் போடக் கூடாது.

மாட்டும்போது கவனிக்க 5 விஷயங்கள்

1. கட்டையைச் செருகும் உறையில் ஒரு பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறப்பு சைக்கிளின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால், பிரேக் பிடித்ததும் கட்டை நழுவி வெளியே போய்விடும்.

2. கட்டை ரிம்மில் மட்டும் பட வேண்டும். மேலே டயரில் உரசினால் டயர் கிழியும். கீழே இறங்கினால் கம்பிக்குள் போய்விடும்.

3. கட்டையின் முன்முனை ஒரு நூல் அளவு முன்னதாகப் படும்படி வைத்தால் கிரீச் சத்தம் குறையும்.

4. கார்பன் ரிம் பழைய ரிம்மைவிட அகலமாக இருக்கலாம். பிரேக் கேபிளைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் சமமாக இடைவெளி வைக்கச் சொல்லுங்கள்.

5. ரிம்மை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கவும். மண்ணெண்ணெய், ஆயில் கூடவே கூடாது. புதுக் கட்டையோடு காலியான ரோட்டில் மெதுவாகப் பத்து இருபது முறை பிடித்துப் பழக்கிய பிறகே வேகமாக ஓட்ட வேண்டும்.

பிறகு எப்போதாவது அலுமினிய வீலுக்குத் திரும்பினால், கட்டையையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டு வீலுக்கும் தனித்தனி செட். டப்பாவில் பெயர் எழுதி வைப்பது நல்லது.

செகண்ட் ஹேண்ட் வீலா?

கட்டை வாங்கும் முன் வீலையே ஒருமுறை சோதிக்க வேண்டும். பிரேக் படும் இடத்தில் விரலை வைத்து வீலை மெதுவாகச் சுற்றுங்கள். வழவழவென்று ஒரே சீராகப் போக வேண்டும். எங்காவது மேடு தட்டினால், பழைய ஓனர் மலையிறக்கத்தில் சூடேற்றியிருக்கலாம். விரிசலோ, ஆழமான கீறலோ, உரிந்த இழையோ தெரிந்தால் அந்த வீலை ஓட்ட வேண்டாம். போட்ட காசு போனாலும் பரவாயில்லை.

பருத்திப்பட்டில் மலை இல்லை, அதனால் சூடு பெரிய பிரச்னை ஆகாது. ஆனால், பையன் நண்பர்களோடு ஏலகிரி போனால் கதை வேறு. 14 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வரக் கூடாது. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். விடும் நேரத்தில்தான் ரிம் ஆறும்.

மழையில் எல்லோருக்கும்

நம் ஏரியாவுக்கு உண்மையான சோதனை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைதான். ரிம் எதுவாக இருந்தாலும், நனைந்த பிறகு முதல் சில சுற்றுகள் கட்டை தண்ணீரைத் துடைக்கத்தான் செய்யும். அதன் பிறகே பிடிக்கும். கார்பனில் இந்தத் தாமதம் நன்றாகவே தெரியும். அதனால் சிக்னலுக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் போகும் பஸ்ஸிலிருந்து இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளின் அரசு சைக்கிளுக்கும் இதே பழக்கம்தான் பாதுகாப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடம் ஒதுக்கி, கட்டையில் பள்ளம் இருக்கிறதா, மணல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் மறைந்திருந்தால் அன்றே மாற்றுங்கள்.

அடுத்து புது சைக்கிள் வாங்கும் எண்ணம் இருந்தால், டிஸ்க் பிரேக் வண்டியாகப் பாருங்கள். சைக்ளோகிராஸில் 2010-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. இன்று பெரிய ரேஸ்களில் பெரும்பாலும் டிஸ்க்தான். அதில் கட்டை ரிம்மைத் தொடுவதே இல்லை என்பதால் ரிம் என்ன பொருள் என்ற கவலை போய்விடும். ஆனாலும், சில டிஸ்க்குகளில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதில் மெட்டல் கலந்த பேட் போடக் கூடாது. அங்கேயும் ஜோடிப் பொருத்தம் பார்க்கத்தான் வேண்டும்!

அம்மா, தம்பியைத் திட்ட வேண்டாம். சேற்றில் சைக்கிள் ஓட்டும் ஆசை நல்ல ஆசைதான். இந்தப் பக்கத்தை அவருக்கு ஃபார்வர்ட் பண்ணிவிட்டு, பழைய கட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்து, வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுப்பை அவரே கண்டுபிடித்துவிடுவார். புதுக் கட்டைக்கு ஆகும் செலவு, வீல் விலையில் சின்ன பங்குதான்.

உங்கள் வீட்டு சைக்கிளில் என்ன சந்தேகம்? கேள்வியை அனுப்புங்கள், அடுத்த வாரம் பேசலாம்.