கம்பி எங்கே?

'நாளை முதல் தேகப்பயிற்சி' என்று சங்கல்பம் செய்துகொள்ளாத வீடு உண்டோ? மூன்றாம் நாள் அது மறந்துபோவதும் வழக்கந்தான். (என் வீட்டையும் சேர்த்தே சொல்கிறேன்!)

சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிற்று. தாயார் காய்கறி விற்று வளர்த்தார். அந்தப் பிள்ளை 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் பெற்றார். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம்.

உயரத் தாண்டலில் ஒரு சௌகரியம்: கம்பி கண்ணெதிரே நிற்கிறது. தாண்டினால் சில சென்டிமீட்டர்தான் ஏற்றுவார்கள். 'உடம்பு இளைக்க வேண்டும்' என்பதற்குக் கம்பி ஏது, சகோதரி? 'இந்த வாரம் தினம் நான்கு தடவை மாடி ஏறி இறங்குவேன்' என்று வைத்துக்கொண்டு, காலண்டரில் கோடு போடுங்கள். அது சுலபமாகிவிட்டால் ஐந்தாக்குங்கள். முழங்கால் வலிக்காரர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கலாம்.