கடல் காணாத ஊரின் கணக்கு

திண்டுக்கல்லுக்குக் கடல் இல்லை. எத்திசையில் சென்றாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்த பின்னரே அலையோசை கேட்கும். எனவே ஐரோப்பியக் கடலோடிகளின் வரலாறு முத்துக்குளித்துறைக்கும் மலையாளக் கரைக்கும் உரியது. சிறுமலைக்கும் கொடைமலைக்கும் நடுவே விரிந்து கிடக்கும் இச்சமவெளிக்கு அதில் பங்கில்லை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். "வாஸ்கோடகாமா இந்தியாவைக் கண்டுபிடித்தார்" என்ற வாசகமோ மேடைகளிலும் பொது அறிவு வினா விடைகளிலும் இன்றும் தயக்கமின்றி ஒலிக்கிறது. அவ்வாசகம் பொய் என்பதும், அப்பொய்யின் சுமையை இக்கடலில்லாச் சமவெளியும் சுமந்திருக்கிறது என்பதுமே நாம் இங்கு முன்வைக்கும் வழக்கு.

கண்டுபிடித்தல் என்றால் என்ன? எவரும் அறியாத ஒன்றை முதன்முதலாக அறிவது. 1498ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரமிட்ட காமா எதை முதலில் அறிந்தார்? ஆப்பிரிக்காவின் கீழைக்கரையிலுள்ள மலிந்தியில் ஏறிய வழிகாட்டி ஒருவர், பருவக்காற்றின் போக்கறிந்து, ஒரு மாதத்திற்குள் அவரை இக்கரையில் சேர்த்தார். கரையிறங்கிய முதல் ஆளை எதிர்கொண்டவர்கள் ஐரோப்பிய மொழி பேசத் தெரிந்த தூனிஸ் நாட்டு முகமதியர் இருவர்! கண்டுபிடிக்க வந்தவர்களை அவர்கள்தாம் முதலில் அடையாளம் கண்டுகொண்டார்கள். சாமூதிரி மன்னருக்கெனக் கொண்டுவந்த துணி, தொப்பி, பவளம், கைகழுவும் பாத்திரம், சர்க்கரை, எண்ணெய், தேன் ஆகியவற்றைக் கண்டு அரசவையோர் நகைத்தனர். உலகச் சந்தையின் பண்டங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை.

அச்சந்தை நமக்கும் புதிதன்று. நமக்கு அண்டையிலுள்ள கரூரின் அமராவதி ஆற்றங்கரையில் உரோமப் பேரரசின் காசுகள் கிடைத்துள்ளன. 1025இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை சிறீவிசயம் வரை சென்றது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்த வழி புதியது. அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே வளைந்து சென்ற அம்மாலுமிகளின் துணிவு பெரிது. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால், ஒருவன் நம் வீட்டிற்குப் புதிய வழியொன்றில் வந்து சேர்ந்தான் என்பதற்காக, நம் வீட்டையே அவன் கண்டுபிடித்ததாக நாம் எழுதிவைக்க வேண்டுமா?

வழி புதிது என்பதைவிட, வணிகம் செய்த முறை புதிது என்பதே உண்மை. 1502இல் மீண்டும் வந்த காமா, மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலொன்றைப் பெண்கள் உட்பட நூற்றுக்கணக்கானோருடன் எரித்தார். பின்னர், போர்ச்சுகீசியரின் அனுமதிச் சீட்டு இல்லாத கலங்கள் பறிமுதலுக்கு உள்ளாயின. எவருக்கும் உடைமையாகாதிருந்த கடலுக்குப் பீரங்கி முனையில் சுங்கம் விதித்தனர். அதே முறையைப் பின்னாளில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் கம்பெனிகளின் வழியே வளர்த்தெடுத்தனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். மலைக்கோட்டையைத் தினமும் அண்ணாந்து பார்க்கிறோம். 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் எழுந்தது என்பர். 1755இல் இங்குப் படைத்தலைவராக வந்த ஐதர் அலி, பிரெஞ்சுப் பொறியாளரின் துணைகொண்டு படைக்கலச் சாலை அமைத்தார். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1600இன் இறுதி நாளில் நறுமணப் பொருள் வாங்குவதற்கெனப் பட்டயம் பெற்ற ஒரு வணிகக் கூட்டம், இருநூறு ஆண்டுகளுக்குள், கடலே காணாத உழவனிடம் நிலவரி தண்டும் அரசாகிவிட்டது! எதிர்த்து நின்ற விருப்பாட்சி கோபால் நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். மிளகு வாங்க வந்த கப்பல் தூக்குமரம் நட்ட கதையை எந்தப் பொது அறிவு வினா விடை சொல்கிறது?

"கப்பல்கள் நன்மையும் கொண்டுவந்தன அல்லவா?" என்று கேட்பவர் உண்டு. ஆம், கொண்டுவந்தன. நம் குழம்பின் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. மிளகின் பெயரையே அதற்கும் ஒட்டிக்கொண்டோம். ஆயக்குடிக் கொய்யா, ஒட்டன்சத்திரச் சந்தையில் குவியும் தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி யாவும் அக்கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவை. நிலக்கோட்டைப் பூச்சந்தையிலிருந்து நம் ஆலயப் பீடங்களுக்கு வரும் சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ. ஆனால், இவற்றைக் கொடுத்தவர் யார்? காட்டுச் செடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிப் பயிராக்கிய அமெரிக்கத் தொல்குடி உழவர். அவற்றை இச்செம்மண்ணில் வேரூன்றச் செய்தவர் நம் உழவர். இடையே சுமந்துவந்தவரை மட்டும் வரலாறு போற்றுவது, விதைத்தவனையும் அறுத்தவனையும் விட்டுவிட்டு வண்டிக்காரனுக்கு மாலையிடுவதாகும்.

புகையிலையும் அக்கப்பல்களில்தான் வந்தது. திண்டுக்கல் மண் அதனை ஏற்றுக்கொண்டது. இங்கு விளைந்த இலையால் சுருட்டிய திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ஆங்கிலப் புதினங்களிலும் இடம்பெறுமளவு புகழடைந்தது. வேடசந்தூரில் அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே அமைந்தது. அப்பயிரால் பிழைத்த குடும்பங்களை நாம் இகழோம். எனினும், புகையிலைக்கு நம் நாடு ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்து வருகிறது. புகழ் சுருட்டுக்குப் போயிற்று. இருமல் யாருக்கு வந்தது?

தோலின் கதை இன்னும் கொடிது. ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட நம் நாட்டுத் தோல், உலகச் சந்தையில் இன்றும் "கிழக்கிந்தியத் தோல்" என்றே பெயர் பெறுகிறது. கம்பெனி மறைந்தும் பெயர் மறையவில்லை. தோல் கப்பலேறிப் போகும். உப்பும் கழிவுநீரும் ஊரைச் சுற்றியுள்ள கிணறுகளில் தங்கிவிடும். மாசுபடுத்தியவரே அதன் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் வேலூர்ப் பகுதியுடன் திண்டுக்கல் மாவட்ட ஆலைகளும் அடங்கின. ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. பொருள் அங்கே, அழுக்கு இங்கே என்னும் ஏற்பாடு காமாவின் காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

திருச்சபையின் மக்களாகிய நமக்கு இவ்வழக்கில் தனிப்பொறுப்பு உண்டு. 1455இலும் 1493இலும் வெளியான திருத்தந்தையரின் ஆணைகள், புதிதாய் அடையும் நாடுகளை ஐபீரிய மன்னர்களுக்கு உரிமையாக்கின. 1494இல் தோர்தெசில்லாஸ் உடன்படிக்கை உலகையே கோடு போட்டுப் பங்கிட்டது. அன்றே எதிர்க்குரலும் எழுந்தது. 1511இல் மோந்தேசினோஸ் அடிகளார் மறையுரை மேடையில் குடியேறிகளைக் கண்டித்தார். 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அமெரிக்கத் தொல்குடியினரை அடிமைப்படுத்தலாகாது என்றார். தூய சவேரியார் போர்ச்சுகீசிய அதிகாரிகளின் பேராசை குறித்து மன்னருக்கே மடல் எழுதினார். ஆயினும் ஆணைகள் ஏட்டில் நின்றன. 2023 மார்ச் 30ஆம் நாள்தான், "கண்டுபிடிப்புக் கோட்பாடு" எனப்படுவதைத் தான் ஏற்கவில்லை என்று வத்திக்கான் முறைப்படி அறிவித்தது. உரோமையே விலக்கிய சொல்லை நம் பள்ளிகளின் கரும்பலகைகளில் ஏன் வைத்திருக்க வேண்டும்?

"உங்கள் மறையும் அதே கப்பலில் வந்ததுதானே?" என்று நம்மை நோக்கிக் கேட்பாரும் உண்டு. மலையாளக் கரையில் தோமாவின் மரபினர் காமாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திருப்பலி ஒப்புக்கொடுத்து வந்தனர். கப்பலில் வந்த மறைபணியாளரும் இம்மண்ணின் மொழியைக் கற்றுப் பணிந்த அளவிற்கே ஏற்கப்பட்டனர். 1578இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அதற்குச் சான்று. மிளகாய் நமதானது போல் நற்செய்தியும் நமதானது; பீரங்கி நமதாகவில்லை. இவ்வேறுபாட்டை உரக்கச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். பீரங்கிக்கு வக்காலத்து வாங்கும் வேலை நமக்கு வேண்டாம்.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. நம் பள்ளிகளில் "கண்டுபிடித்தார்" என்ற சொல் நீங்கி "வந்து சேர்ந்தார்" என்ற சொல் இடம்பெறட்டும். கடல்வழி வணிகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவர்களை மலைக்கோட்டைக்கும் பூச்சந்தைக்கும் கழிவுநீர் ஊறிய கிணற்றடிக்கும் அழைத்துச் செல்லட்டும். அக்கிணற்று நீரை ஒரு வாய் சுவைத்த பிள்ளைக்கு, உலக வணிகத்தின் வரவையும் செலவையும் வேறு எவரும் விளக்க வேண்டியிராது.