ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும்

பிரஸ்ஸல்ஸில் மகள் வீட்டிலிருந்து கென்ட், புரூஜ் இரண்டையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாப் பேருந்தில் போனோம். கென்ட் தேவாலயத்தில் வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியம் இருக்கிறது, 1432இல் முடிந்தது. அதற்காகவே டிக்கெட் எடுத்தேன். வாசலோடு சரி, "பஸ் கிளம்புது" என்றார் வழிகாட்டி. புரூஜில் 366 படி மணிக்கூண்டையும் கீழே நின்றே பார்த்தோம்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். மொழி தெரியாத, முழங்கால் வலிக்கிற எங்களுக்கு அந்தப் பேருந்து இல்லையென்றால் பயணமே இல்லை. நானும் பரீட்சை நெருங்கினால் போர்ஷன் முடிக்க இப்படித்தான் ஓடியிருக்கிறேன். பாடம் முடிந்தது, பிள்ளைகளுக்குப் புரிந்ததா?

போகிறவர்கள் எத்தனை ஊர் என்று கேட்காதீர்கள். ஓர் ஊரில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.