கத்திக்கு முன் ஆறு வாரம்

நள்ளிரவில் விரல்கள் மரத்துப்போய், எழுந்து கையை உதறுவது கார்பல் டனல் பாதிப்பின் முக்கிய அடையாளம். மணிக்கட்டிலுள்ள குறுகலான பாதையில் ஒன்பது தசைநாண்களோடு மீடியன் நரம்பும் நெருக்கியடித்துச் செல்கிறது. தூக்கத்தில் கை மடங்கினால் அங்கே அழுத்தம் கூடுகிறது. ஆகவே, இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஸ்பிளின்ட் ஒப்புக்குச் சொல்லும் யோசனை அல்ல. அதுவே முதல் சிகிச்சையாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் ஸ்பிளின்ட்டுகள் பலவும் மணிக்கட்டைப் பின்னோக்கி வளைத்தே பிடிக்கின்றன. உள்ளிருக்கும் தகட்டை உருவி நிமிர்த்திக் கொடுக்க பிசியோதெரபிஸ்ட்டுக்குச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்கள் கிடைக்காததால்தான் பலர் அதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள்.

அறுவை சிகிச்சையே கூடுதல் பலன் தரும் என்பார்கள். உண்மைதான். 2002-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 80 சதவீதத்தினர் மூன்று மாதத்தில் தேறினர். ஸ்பிளின்ட் அணிந்தவர்களில் 54 சதவீதத்தினர். ஸ்பிளின்ட் அணிந்தவர்களில் 41 சதவீதத்தினர் ஒன்றரை ஆண்டுக்குள் அறுவைக்கும் போனார்கள். ஆனால், இரவில் ஆறு வாரம் அணிந்த ஒரு சாதனத்தால் பாதிப்பேருக்கு மேல் தேறியிருக்கிறார்கள் என்றால், அந்த வாய்ப்பை எல்லோருக்கும் முதலில் கொடுப்பதே நியாயம். ஸ்டீராய்டு ஊசி இன்னும் விரைவாக வலியைக் குறைக்கும். 2018-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தவர்களும் எந்நேரமும் விரல்கள் மரத்துப்போயிருப்பவர்களும் காத்திருக்கக் கூடாது. நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். மற்றவர்களுக்கு, இந்தப் பாதிப்புக்குக் காரணமாகக்கூடிய சர்க்கரை, தைராய்டு கோளாறுகளுக்கான பரிசோதனையும் சரியாகப் பொருந்தும் ஸ்பிளின்ட்டும் தந்த பிறகே அறுவைக்குத் தேதி குறிக்க வேண்டும்.