சிறுநீரகத்திலும் துரு பிடிக்கும்!

இரும்பு வாணலியைக் கழுவி ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு பிடிக்கிறதல்லவா? நம் உடம்புக்குள்ளும் ஏறக்குறைய இதே சமாசாரம்தான். பிராணவாயு சாப்பாட்டைச் சக்தியாக மாற்றும்போது சில முரட்டுத் துகள்களும் உண்டாகின்றன. அவற்றை அடக்கும் பொருட்களும் உடம்பிலேயே உண்டு. முரடர்களின் கை ஓங்கிவிட்டால், அதற்கு 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்று பெயர்.

சிறுநீரகம் தினமும் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டர் போக மற்றதை ரத்தத்திலேயே சேர்க்கிறது. ஓயாத உழைப்பு, பிராணவாயுச் செலவும் அதிகம். சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் முரடர்கள் பெருகி, வடிகட்டும் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறார்கள். சிறுநீரகம் கெடக் கெட, கழிவு தங்கி, துருவும் கூடுகிறது.

என் மாமியாருக்கு இரண்டு வருஷமாக இந்தத் தொந்தரவு. பார்க்க வருகிறவர்களெல்லாம், "நெல்லிக்காய்ச் சாறு கொடு, இளநீர் கொடு, துருவெல்லாம் போயிடும்" என்பார்கள். டாக்டரம்மாவோ, "கேட்காம எதுவும் கொடுக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது; ரத்தத்தில் ரொம்ப ஏறினால் இதயமே நின்றுவிடக்கூடும். வைட்டமின் சி மிஞ்சினால் ஆக்ஸலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படியலாம். பெரிய ஆராய்ச்சியாளர்களுக்கே இது சுலபமாக இல்லை. துருவை அடக்கும் பார்டாக்ஸலோன் என்ற மருந்தை 2,185 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்த ஆராய்ச்சியை, இதயக் கோளாறு அதிகமானதால் 2012-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

எங்கள் வீட்டில் அவருக்கு மட்டும் காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கிறேன். பொட்டாசியம் கொஞ்சம் குறையும். உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள். 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குவதில்லை. அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். மூட்டு வலி என்றாலும் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்குவது கிடையாது. சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தாலே துருவில் பெரும்பங்கு அடங்குமாம்.

"மருமகள் ஒரு இளநீர்கூடத் தரமாட்டேங்கறா" என்று யாராவது பேசினால் பேசட்டும், சகோதரிகளே! உங்கள் வீட்டில் சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் இருந்தால், வருஷம் ஒருமுறை சிறுநீரில் ஆல்புமினும் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள். ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ தெரியாத நோய் இது. தெரியவரும்போது பாதிக்கு மேல் போயிருக்கலாம்.